எல்லாவற்றுக்கும் அவசரம்

இந்தக் காலத்து ஆட்களுக்கு அடுத்தவன் விஷயத்தில் கண்ணை வைப்பது வெட்கமான காரியமாகவே தெரிவதில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவன் என் மருந்துப் பையை எட்டிப் பார்த்து "பிரஷரா?" என்று கேட்கிறான். சோற்றைப் படம் எடுக்கிறார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையைப் படம் எடுக்கிறார்கள். செத்த வீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து, பிணம் வெளியே போகுமுன் ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள். நான் கண்டி மார்க்கட்டில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை பார்த்தவன். முதுகில் ஏற்றிய மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பாரம் குறையப் போவதில்லை.

எங்கள் சங்கமும் இந்த வியாதியில் விழுந்தது.

கண்டிக்கு அடுத்த அம்பிட்டியவில் எங்கள் மேட்டுக் குடும்பங்களுக்கு ஒரு மரண உதவிச் சங்கம் இருக்கிறது. யாராவது செத்தால் பெட்டி, டென்ட், உட்காரக் கதிரை, பாதையில் கட்டும் வெள்ளைக் கொடி, வருகிறவர்களுக்கு பிளேன்டீ, எல்லாம் சங்கம் பார்க்கும். தலைவர் சந்திரகுமார். அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்து பென்சன் எடுத்தவர். வீட்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதும் சப்பாத்து போட்டிருப்பார்.

சங்கத்தை நான் விட்டிருப்பேன். என் பெண்சாதி பேச்சியம்மா விடவில்லை. அவளுக்கு நெஞ்சு வருத்தம். தூக்க நாலு பேர் இல்லாமல் போய்விடுமோ என்பதுதான் அவளுடைய பெரிய பயம். எங்களுக்கு ஆண் பிள்ளை இல்லை. ஒரே மகள், நிரோஷா.

நிரோஷாவின் புருஷன் ரமேஸ், அம்பிட்டியவில் த்ரீவீல் ஓட்டுகிறான். அவன் அவளுடைய மணிக்கட்டை முறித்த பிறகு, மாவுக் கட்டோடு அவளைக் கூட்டிக்கொண்டுபோய் மடவளையில் உம்மு குல்சும் வீட்டு மேல் அறையில் விட்டேன். உம்மு குல்சும் தையல் கடை வைத்திருப்பவள், புருஷன் இல்லாதவள், வாய் அடக்கம் உள்ளவள். மகள் அங்கே இருப்பது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். கண்டால் வெட்டுவேன் என்று ரமேஸ் குடித்துவிட்டுச் சொன்னான். அது போகட்டும். குடிக்காமலும் சொன்னான். ஆனால் சங்கத்தில் அவனைப் பிடிக்காத ஆள் கிடையாது. செத்த வீட்டில் முதல் ஆளாக வந்து கதிரை தூக்குவான். கதிரை தூக்குகிறவன் கெட்டவனாக இருக்க மாட்டான் என்பது அங்கே சட்டம்.

கூட்டத்துக்கு எல்லோரையும் வரச் சொன்னார்கள். சந்திரகுமார் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"உறவுகளே, மரணம் நிச்சயம். ஆனா நம்ம பகுதியில அது ஒழுங்கில்லாம நடந்துக்கிட்டு இருக்கு. ஒருத்தர் செத்து, சொந்தக்காரங்க அழுது முடிச்சு, அதுக்குப் பிறகுதான் சங்கத்துக்கு ஆள் அனுப்புறாங்க. சங்கத்துக்குக் கடைசியாத்தான் தெரியுது. இது என்ன மரியாதை? இனிமே எங்களுக்கு முதல்ல தெரியும். உங்களுக்கே பிறகுதான் தெரியும்."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாதவர்களைச் சிலர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போனில் போடுகிற செயலி ஒன்று வந்திருப்பதாகச் சொன்னார். பெயர் 'இறுதித்துணை'. கொழும்பில் ஒரு கம்பனி சிங்களத்தில் செய்து, தமிழுக்கும் மாற்றிக் கொடுத்ததாம்.

"சிலர் கேக்குறாங்க, இது நம்மள கண்காணிக்கிற வேலையான்னு. தப்பான சொல். கண்காணிக்கிறவன் எப்பவாவது கண்ணசருவான். நாங்க அசர மாட்டோம். நாங்க உங்கள கவனிச்சுக்கிட்டே இருப்போம்."

பின்னால் ஒரு கிழவி கேட்டாள். "போன் இல்லாதவங்க என்னாங்க செய்றது?"

"போன் இல்லாதவங்க தாராளமா சாகலாம்மா. சங்கம் தடுக்காது. பெட்டி மட்டும் வராது."

அதற்கும் கை தட்டினார்கள். மார்க்கட்டில் ஒரு பழைய போன் வாங்கிக்கொண்டு நானும் போய் வரிசையில் நின்றேன்.

காரியதரிசி துஷ்யந்தி மேசை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவர் போனிலும் செயலியைப் போட்டுக் கொடுத்தாள். என் முறை வந்தது. போன் கண்ணாடியில் எழுத்து வந்தது. 'உங்கள் இருப்பிடம் அறிய'. அதற்குக் கீழே இரண்டு கட்டம். ஒன்றில் 'அவசரம்'. மற்றதில் 'அவசரமில்லை'.

நான் யோசித்தேன். மரணச் சங்கம் கேட்கிறது. எனக்கு என்ன அவசரம்? அவசரமில்லை என்பதை அமத்தினேன். செயலி மூடிக்கொண்டது.

"ஐயா, அத அமத்தக் கூடாது. மத்தத அமத்துங்க" என்றாள் துஷ்யந்தி.

"எனக்கு அவசரமில்ல புள்ள. உண்மையத்தானே சொன்னேன்."

"அது உண்மை கேக்கல ஐயா. அவசரம்னு போட்டாத்தான் உள்ள விடும். எல்லாரும் அப்பிடித்தான் போட்டாங்க."

"எல்லாரும் அவ்வளவு அவசரமாவா போகப் போறாங்க?"

"உங்களுக்குப் பின்னால ஆள் நிக்குது ஐயா."

அவசரம் என்று அமத்தினேன். அடுத்த கேள்வி வந்தது. 'உங்கள் பேச்சைக் கேட்க'. பேச்சியம்மா விழுந்து கூப்பிட்டால் யாருக்காவது கேட்கட்டும் என்று அதற்கும் அவசரம் கொடுத்தேன். 'கேமராவால் பார்க்க'. அவசரம். 'உங்கள் தொடர்புகளை எடுக்க'. அவசரம். 'நீங்கள் நித்திரையில் இருக்கும்போதும் இயங்க' என்று வந்தபோது கையை எடுத்துவிட்டேன்.

"நித்திரையில என்ன புள்ள அவசரம்?"

 துஷ்யந்தியே விரலை நீட்டி அமத்திவிட்டு, "அடுத்த ஆள்" என்றாள்.

அந்தக் கிழமையே பேச்சியம்மாவுக்குச் சளி பிடித்து இருமினாள். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், டென்ட் கம்பிகளோடு இரண்டு பேர் முற்றத்தில் நிற்கிறார்கள்.

"என்னாங்க, யாரு வீட்டுக்கு?"

"இங்கதான் ஐயா. இருமல் சத்தம் பதிவாகியிருக்கு. இந்த மாதிரி இருமலுக்கு முன்கூட்டியே இடம் அளந்து வைக்கச் சொல்லி செயலியில வந்திருக்கு."

பேச்சியம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். வந்தவர்களில் ஒருவன் மரியாதையாக, "அம்மா, நீங்க படுங்க. உங்க உயரம் எங்ககிட்ட இருக்கு. கேமராவுல வந்துருச்சு" என்றான். அளந்து முடித்து, தேசிக்காய் மரக் கொப்பு ஒன்று டென்டுக்கு இடைஞ்சல் என்று சொல்லி வெட்டிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவள் இருமல் வந்தால் தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு இருமினாள். வீட்டுக்குள் குசுகுசுவென்று பேசப் பழகினோம். நிரோஷா என்ற பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டோம். சொல்ல வேண்டி வந்தால் பேச்சியம்மா மணிக்கட்டைத் தொட்டுக் காட்டுவாள்.

எனக்கு அந்தப் போன் மேல் நம்பிக்கை இல்லை. மகளைப் பார்க்க மடவளைக்குப் போகிற நாளில் அதை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுப் போனேன். பேச்சியம்மாவை அன்று கிளினிக்கில் விட்டிருந்தேன். திரும்பி இரண்டு பேரும் மேட்டில் ஏறி வருகிறோம். எங்கள் பாதை முழுக்க வெள்ளைக் கொடி.

"யாருங்க போயிட்டாங்க?" என்று பேச்சியம்மா என் கையைப் பிடித்தாள்.

யார் என்று எனக்கும் தெரியவில்லை. வீட்டு வாசலில் கதிரை அடுக்கியிருந்தது. ஏணியில் நின்று கடைசிக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தவன் ரமேஸ். என்னைப் பார்த்ததும் இறங்கினான். கண் சிவந்திருந்தது. அழுததா, மற்றதா என்று எனக்குத் தெரியாது.

"இருக்கீங்களா மாமா" என்றான். சந்தோஷப்பட்ட மாதிரி இல்லை.

சந்திரகுமார் மாலையோடு வந்திருந்தார். அவருக்குக் கோபம்.

"என்ன வீரய்யா இது? போன் காலையிலிருந்து அசையல. சத்தம் இல்ல. மூச்சு இல்ல. செயலி உங்கள இறந்தவரா எடுத்துருச்சு. ஆளுங்க வேலைய விட்டுட்டு வந்து நிக்கிறாங்க. நீங்க உயிரோட நடந்து வாறீங்க. சங்கத்த ஏமாத்துற வேலை இல்லையா இது?"

"போன வீட்டுல வச்சிட்டுப் போனேன். அவ்வளவுதான்."

"இனி அப்பிடிச் செய்யக் கூடாது. உங்க மருமகனுக்கு எவ்வளவு கஷ்டம் பாருங்க. உங்களுக்கு ஆம்பளப் புள்ள இல்ல. கொள்ளி வைக்க வேண்டியவர் அவருதான். அதனால அவருக்குத்தான் முதல் செய்தி போகும். ஓடி வந்தாரு."

ரமேஸ் கொடிக் கயிறைச் சுற்றிக்கொண்டே கேட்டான். "எங்க மாமா போயிட்டு வாறீங்க?"

"அக்குறணைக்கு. உடுக்கச் சாரம் வாங்க."

"சாரம் எங்க?"

"புடிக்கல."

"மாமிக்கும் புடிக்கலையா?"

"அவ கிளினிக்ல இருந்தா."

அவன் சிரித்தான். கயிறைச் சுற்றி முடிக்கும்வரை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகு போனை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. விட்டுவிட்டுப் போனால் கொடி கட்டுவார்கள், அவன் வருவான். எடுத்துக்கொண்டு போவதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். செத்தால்தானே அவனுக்குச் செய்தி போகும். அடுத்த தடவை போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கண்டி டவுனில் பஸ் மாறி மடவளைக்குப் போனேன்.

உம்மு குல்சும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மகள் கொண்டுவந்த தேத்தண்ணியை வாயில் வைத்தபோது, பைக்குள் ஒரு பெண் பேசினாள். யாரோ வாசித்துக் காட்டுகிற மாதிரித் தமிழ்.

'உறுப்பினரே, நீங்கள் உங்கள் மரண எல்லையைத் தாண்டியுள்ளீர்கள்.'

நிரோஷா அப்படியே நின்றுவிட்டாள். நான் போனை வெளியே எடுத்தேன். கண்ணாடியில் எழுத்து. 'இவ்விடத்தில் உங்கள் நெருங்கிய உறவினரின் குரல் கேட்டது. உங்கள் இறுதிக் கடமையாளருக்கு அறிவிக்க'. கீழே அதே இரண்டு கட்டம். அவசரமில்லை என்று போட்டால் மூடிக்கொள்ளும், மூடிக்கொண்டால் செத்ததாக எடுக்கும், கொடி கட்டுவார்கள். அதனால், யாருக்கு அறிவிப்பது என்று யோசிக்காமல், அவசரம் என்று அமத்திவிட்டு, "ஒண்ணுமில்ல புள்ள, சங்கத்துக் கரச்சல்" என்றேன்.

உம்மு குல்சும் தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள். "காட்டுங்க அண்ணே." வாங்கிப் பார்த்தாள். கீழே ஓர் ஓரத்தைத் தொட்டாள். எழுத்தெல்லாம் சிங்களமாக மாறியது. படித்தாள். பிறகு மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, இதுக்கு என்னெண்டு நெனச்சி அமத்தினீங்க?"

"அவசரம்னு போட்டிருந்துச்சு. அவசரம்னா அவசரம்தானே."

"சிங்களத்துல இது 'அவசர'. பன்சல பிக்கு ஹாமுதுருகிட்ட கதைக்கக்குள்ள 'அவசரய்' எண்டு சொல்லுவாங்களே, கேட்டில்லையா? அனுமதி, அண்ணே. பாக்க அனுமதி. கேக்க அனுமதி. தமிழாக்கினவன் அத அப்பிடியே அவசரம் எண்டு எழுதி வெச்சீக்கிறான். நீங்க எல்லாத்துக்கும் அனுமதி குடுத்தீக்கிறீங்க."

மார்க்கட்டில் அந்தச் சொல்லை ஆயிரம் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வழி விடச் சொல்லி நானே மூட்டையோடு சொல்லியிருக்கிறேன். எழுத்தில் தமிழாக வந்ததும் அடையாளம் தெரியவில்லை.

"இறுதிக் கடமையாளர் யாரு அப்பா?" என்று கேட்டாள் நிரோஷா.

"கொள்ளி வைக்கிறவன்."

அண்ணன் தம்பி இல்லாத வீட்டில் அது யார் என்று அவளுக்கே தெரிந்தது. பழைய முறிவு உள்ள கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

உம்மு குல்சும் போனைத் துணியில் சுற்றிப் பின்பக்கம் கோழிக் கூட்டுக்குள் வைத்துவிட்டு வந்தாள். "இனிக் கோழி கதைக்கிறத அவன்ட சங்கம் கேக்கட்டும்" என்றாள். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. பிறகு இரண்டு பெண்களும் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். என்னைக் கூப்பிடவில்லை. இறங்கி வந்தபோது நிரோஷா கையில் ஒரு பை இருந்தது.

"அப்பா, நான் வேற எடத்துக்குப் போறேன். எங்கன்னு கேக்காதீங்க."

"அப்பனுக்கும் சொல்ல மாட்டியா?"

"உங்களுக்குச் சொன்னா அந்தப் போனுக்குத் தெரியும். அதுக்குத் தெரிஞ்சா அவருக்குத் தெரியும்." என் காலைத் தொட்டாள். "அம்மாகிட்ட நல்லா இருக்கேன்னு சொல்லுங்க. வெளிய வச்சுச் சொல்லுங்க."

அவள் போகிற திசையைப் பார்த்துவிடக் கூடாது என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போனதும் உம்மு குல்சுமும் கதவைப் பூட்டி, நாலு நாளைக்குத் தம்பி வீட்டில் இருக்கப் போவதாகச் சொல்லி வேறு பஸ்ஸில் ஏறினாள். விட்டுவிட்டுப் போனால் மறுபடியும் கொடி கட்டுவார்கள் என்று கோழிக் கூட்டிலிருந்து போனை எடுத்துக்கொண்டு நானும் வீடு திரும்பினேன்.

மறுநாள் காலையிலேயே சங்கக் காரியாலயத்துக்குப் போனேன். சுவரில் பெரிய டிவி மாட்டியிருந்தார்கள். கண்டிப் படம், பாதைகள், அதில் புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்தன. கோயிலில் சாமி பார்க்கிற மாதிரி சந்திரகுமார் அதன் முன்னால் கை கட்டி நின்றார்.

"வாங்க வீரய்யா. பாத்தீங்களா? பச்சை நல்லா இருக்கிறவங்க. மஞ்சள் இருமுறவங்க. நீங்க வாசல்ல செருப்பக் கழட்டும்போதே நான் பாத்துட்டேன்."

"எனக்கு இது வேணாம். கழட்டிருங்க. நான் அவசரம்னு நெனச்சு அமத்தினேன். அனுமதின்னு எனக்குத் தெரியாது. தமிழ் பிழை."

"பிழை இல்ல. கமிட்டியில இதப் பத்திப் பேசினோம். உறுப்பினருக்கு எது அவசரமோ, அதுக்கு அவர் அனுமதி குடுத்ததாத்தானே அர்த்தம்? ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டு சொல்லு இருந்தா ஆளுங்க யோசிக்கத் தொடங்கிருவாங்க."

"நான் விலகிக்கிறேன்."

"விலகலாம். அதுக்கு மரணச் சான்றிதழ் வேணும். பிறர் கையில குடுத்தனுப்பக் கூடாது, உறுப்பினரே நேர்ல கொண்டு வரணும். மோசடி நடக்குது பாருங்க, அதனால." பிறகு படத்தில் ஓர் இடத்தை விரலால் காட்டினார். "அது இருக்கட்டும். உங்க மருமகன் உங்க மேல வச்சிருக்கிற கரிசனைய பாருங்க. நேத்து மத்தியானம் அவருக்கு உங்க அறிவித்தல் போச்சு. ராத்திரி ஹயர் ஓட்டம் முடிச்சிட்டு, விடியக்காலையே மடவளைக்குப் போயிட்டாரு. இந்தா, இதுதான் அவரு. அப்போ இருந்து ஒரே வீட்டு முன்னால நிக்கிறாரு. அசையவே இல்ல."

மடவளையில் ஒரு பச்சைப் புள்ளி. நல்லா இருக்கிறவர்களின் நிறம். 

"அவன் என் மகளத் தேடிப் போயிருக்கான். கண்டா வெட்டுவான்."

சந்திரகுமார் முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டார். "வீரய்யா, சங்கம் குடும்ப விஷயத்துல தலையிடாது. யாரு எங்க இருக்காங்கன்னு மட்டும்தான் சொல்லும். அதுக்கு மேல நடக்கிறது தனிப்பட்ட விஷயம். தனிப்பட்ட விஷயத்துக்கு நாங்க ரொம்ப மரியாதை குடுக்குறோம்." என் பக்கம் திரும்பினார். "அப்பிடின்னா மகள் இப்ப எங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

நான் படத்தில் அந்தப் புள்ளியையே பார்த்தேன்.

"தகப்பனுக்குத் தெரியாம இருக்கிறது பாவம். எங்கேயாவது ஒரு எடத்துல அவங்க யாருகிட்டயாவது பேசுவாங்க. பக்கத்துல இருக்கிற யாரோ ஒருத்தர் போன்ல நம்ம செயலி இருக்கும். ஒரு குரல் போதும், கண்டுபிடிச்சிரும். நீங்க ஒண்ணே ஒண்ணு அமத்துங்க." துஷ்யந்தியைப் பார்த்தார். அவள் எதையோ தட்டினாள். என் கையிலிருந்த போனில் எழுத்து வந்தது. 'உங்கள் மகளைத் தேட'. கீழே இரண்டு கட்டம்.

பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் எங்கே இருக்கிறாள், சாப்பிட்டாளா, பஸ்ஸிலிருந்து இறங்கி எந்தப் படியில் ஏறினாள் என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று உடம்பு முழுக்க அடித்துக்கொண்டது. விரல் தானாகவே கண்ணாடிக்குக் கிட்டப் போனது. துஷ்யந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவன்தான் கொள்ளி வைக்கிறவன்னா, நான் தெரிஞ்சுக்கிறது அவனுக்கும் போகுமா?"

"அது நடைமுறை. பகிராம வச்சுக்கிட்டா அது என்ன குடும்பம்?"

போனை மேசையில் வைத்தேன்.

"வீரய்யா, போன் இங்க இருந்தா நீங்க இங்க இருக்கிறதாத்தான் சங்கம் எடுக்கும். அசையாம இருந்தா என்ன எடுக்கும்னு உங்களுக்கே தெரியும்."

"எடுத்துக்கோங்க."

"நாளைக்குப் பேச்சியம்மாவுக்கு ஒண்ணு ஆனா யாரு வருவா? யோசிச்சுப் பாருங்க. இது உங்க நன்மைக்கு."

"யாரு வருவான்னு எனக்குத் தெரியல. யாரு வரக் கூடாதுன்னு தெரியுது."

செருப்பைப் போட்டேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "பாருங்க, நீங்க இங்க வந்தது தெரிஞ்சு உங்க மருமகன் திரும்பி வந்துக்கிட்டு இருக்காரு" என்று பின்னாலிருந்து சொன்னார். பச்சைப் புள்ளி மடவளையை விட்டுவிட்டுக் கண்டிப் பக்கம் நகரத் தொடங்கியிருந்தது. உள்ளே இருக்கிற யாருக்கும் அது வேறு விதமாகத் தெரியவில்லை.

குறுக்கு வழி எதுவும் பிடிக்கவில்லை. பெரிய பாதையிலேயே, ஓரமாக, இறங்கினேன். முழங்கால் வலிக்கு அங்கங்கே நின்று, ஒரு மதிலில் உட்கார்ந்து, மறுபடியும் நடந்தேன். வளைவுக்குக் கிட்ட வந்தபோது கீழேயிருந்து ஒரு த்ரீவீல் ஏறி வருகிற சத்தம். ரமேஸ்தான். ஒரு கையில் ஹேண்டில், மற்றக் கையில் போன். கண் போனில் இருந்தது. நான் கையை நீட்டியிருந்தால் அவன் தோளைத் தொட்டிருப்பேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் தேடுகிற வீரய்யா மேலே காரியாலயத்து மேசையில் இருந்தான்.

மகளைப் பிடித்துவிட்டானா என்று பின் சீட்டைப் பார்த்தேன். காலி.

த்ரீவீல் சத்தம் மேட்டில் ஏறித் தேய்ந்து போனது. இன்றைக்கு என்னை விட்டுவிட்டான். நாளைக்கு வேறு யாருடைய போனையாவது பார்ப்பான், அல்லது எந்தப் போனும் இல்லாமல் என் வாசலில் வந்து நிற்பான். அது உங்கள் நன்மைக்கு, இது உங்கள் நன்மைக்கு என்று சந்திரகுமார் மேலே அவனுக்கும் கதிரை போட்டு விளக்கிக்கொண்டிருப்பார். விளக்கட்டும். எனக்கு அதில் ஒரு நன்மையும் தெரியவில்லை. பேச்சியம்மாவிடம் என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது, வீட்டுக்கு வெளியே எந்த இடத்தில் வைத்துச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு கீழே நடந்தேன்.